சர்வர் அறையில் கரண்ட் கணக்கு உதைக்கிறதா? அறிகுறியைப் பார்த்து எங்கே கை வைப்பது

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர், மணலி பக்கம் சர்வர் அறை வைத்து நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கிற பெரிய டேட்டா சென்டர்களில் மின்சாரத்தைக் கவனிப்பதற்கென்றே ஷிஃப்ட் போட்டு ஆள் இருப்பார்கள். நம் பக்கம் கன்டெய்னர் யார்டு, ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, காலேஜ் என்று நாலு ரேக்கிலிருந்து நாற்பது ரேக் வரை ஓடுகிற அறைகள்தான் அதிகம். அங்கே சர்வர் பார்க்கிறவர் பேனல் பக்கம் போக மாட்டார், எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டைத் திறந்து பார்க்க மாட்டார். மின் கணக்கில் வருகிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிடக்கின்றன, அதனால் முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு நல்ல டங் டெஸ்டர் (வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளப்பது), நாலைந்து சின்ன வெப்பநிலை லாகர்கள், கடந்த சில மாத ஈபி பில்கள், அப்புறம் எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்ற ஒற்றைக்கோட்டு வரைபடம். வரைபடம் இல்லையென்றால் முதல் வேலை அதுதான். ஒரு தாளில் பென்சிலால் போட்டாலும் போதும்.

ஒரு எச்சரிக்கையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனலைத் திறப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. லோடு ஓடும்போது சிடியின் (கரண்டை அளக்க கேபிளைச் சுற்றி மாட்டுகிற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி வயரைக் கழற்றவே கூடாது, கழற்றினால் அந்த முனையில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும். முதலில் அதன் இரண்டு முனையையும் இணைக்கிற ஷார்ட்டிங் லிங்க்கைப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

மொத்த கிலோவாட் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகக் காட்டுகிறது, அல்லது ஒரு ஃபேஸ் மைனஸில் நிற்கிறது

புதிதாக மீட்டர் போட்ட இடங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். குறைவாகக் காட்டும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை, "பரவாயில்லையே, கம்மியாத்தான் ஓடுது" என்று மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட்டும் போய்விடும்.

மூன்று ஃபேஸிலும் லோடு ஏறக்குறைய சமமாக இருக்கும்போது ஒரு சிடி மட்டும் திரும்பி மாட்டியிருந்தால், இரண்டு பிளஸ் ஒரு மைனஸ் என்று கூட்டி, மீட்டர் உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். 18 கிலோவாட் ஓடுகிற இடத்தில் 6 என்று வரும். ஆர் ஃபேஸ் சிடியும் ஒய் ஃபேஸ் சிடியும் இடம் மாறியிருந்தால் கதை இன்னும் விசித்திரமாக இருக்கும். அந்த இரண்டும் பாதிப் பாதி மைனஸில் போய், மூன்றாவது ஃபேஸின் பிளஸ்ஸைத் தின்றுவிடும், மொத்தம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். சிடி விகிதத்தைத் தவறாக அடித்திருந்தால், அதாவது மாட்டியிருப்பது 200/5 (200 ஆம்பியரை 5 ஆகக் குறைத்துக் கொடுப்பது), மீட்டரில் போட்டிருப்பது 100/5 என்றால், எல்லாம் ஒரே சீராகப் பாதியாக வரும். ஆக எண்ணைப் பார்த்தே பாதி ஊகித்துவிடலாம்: மூன்றில் ஒன்றா, பூஜ்யமா, சரிபாதியா?

ஊகத்தை உறுதி செய்ய பவர் ஃபேக்டரை (இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலை செய்கிற பங்கு, முழுமை என்றால் 1) ஃபேஸ் வாரியாகப் பாருங்கள். இப்போது வருகிற சர்வர் பவர் சப்ளைகள் ஓரளவு லோடில் 0.95க்கு மேலே நிற்பவை. ஏதாவது ஒரு ஃபேஸில் 0.5 பக்கம் வந்தால், அந்த சிடி வேறு ஃபேஸின் வோல்டேஜோடு ஜோடி சேர்ந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம்.

அதற்கு மேல் ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய கோடவுனில் இந்தச் சோதனை நடந்த விதத்தை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. பேனல் கதவைத் திறந்து டார்ச் அடித்தபடி எலக்ட்ரீஷியன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சிடி மேல அம்பு போட்டிருக்கும் பாருங்க, எந்தப் பக்கம் பாக்குது?"

"ரெண்டு கீழ பாக்குது தம்பி. மூணாவது டிரங்கிங் பின்னாடி மறைஞ்சிருக்கு, இரு... இது மேல பாக்குதுப்பா."

"பி1னு எழுதியிருக்கிற முகம் ஈபி பக்கம்தானே இருக்கணும்?"

"ஆமா. இது மட்டும் லோடு பக்கம் திரும்பிருக்கு. இடம் பத்தலன்னு திருப்பிச் சொருகிட்டாங்க போல."

பி1 முகம் சப்ளை வருகிற பக்கம், பி2 லோடு போகிற பக்கம், எஸ்1 எஸ்2 வயர்கள் மீட்டரில் அதே வரிசையில். இவ்வளவுதான் விதி. மறைந்திருக்கிற மூன்றாவது சிடியைத்தான் எப்போதும் கடைசி வரை பார்க்க வேண்டும். சில மீட்டர்கள் மைனஸ் குறியே காட்டாமல் விட்டுவிடும், அதனால் "மைனஸ் இல்லை, எல்லாம் சரி" என்று நினைக்க வேண்டாம். டங் டெஸ்டரில் ஒவ்வொரு ஃபேஸ் ஆம்பியரையும் எடுத்து, வோல்டேஜாலும் பவர் ஃபேக்டராலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், மீட்டர் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும்.

இன்னொன்று: 400/5 சிடியை மாட்டிவிட்டு 15 ஆம்பியர் லோடை அளந்தால் சிடி சரியாக மாட்டியிருந்தும் கணக்கு தள்ளும். தன் அளவில் சில சதவீதம் மட்டுமே ஓடும்போது சிடியின் துல்லியம் போய்விடும். சின்ன சிடிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் கேபிள் மெலிதாக இருந்தால் அதையே சிடிக்குள் இரண்டு சுற்று விட்டு, விகிதத்தை அதற்கேற்பப் பாதியாக அடித்துக்கொள்ளலாம்.

டாஷ்போர்டில் எண்ணே வரவில்லை, அல்லது பைத்தியக்கார எண் வருகிறது

முதலில் ஆம்பியரையும் கிலோவாட்டையும் விட்டுவிடுங்கள். மீட்டரின் ஃப்ரீக்வென்சி ரெஜிஸ்டரை (அந்த எண்ணை மீட்டர் வைத்திருக்கிற இடம்) படியுங்கள். ஊருக்கே தெரிந்த எண் அது, 50க்குப் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். 50 வருகிறதென்றால் லைன் நன்றாக இருக்கிறது, உங்கள் ரெஜிஸ்டர் பட்டியல்தான் தவறு. ஒன்று தள்ளி வருவது அடிக்கடி நடக்கும், மேனுவலில் 1லிருந்து எண்ணியிருப்பார்கள், சாஃப்ட்வேர் 0விலிருந்து எண்ணும். ஐம்பதுக்குப் பதில் நம்ப முடியாத பெரிய எண்ணோ, பூஜ்யத்துக்குப் பின்னால் நீளமான பின்னமோ வந்தால் 32 பிட் எண்ணின் இரண்டு பாதியும் இடம் மாறியிருக்கிறது, சாஃப்ட்வேரில் வேர்டு வரிசையை மாற்றிப் பாருங்கள்.

எதுவுமே வரவில்லையென்றால் வயர். மீட்டர் எண்களைச் சொல்கிற மொழியான மோட்பஸ் ஓடுகிற ஆர்எஸ்485 லைன் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்குச் சங்கிலியாகப் போக வேண்டும், நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு திசையில் பிரித்திருந்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. சங்கிலியின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த், பவர் கேபிள் டிரேயிலிருந்து தள்ளி வயர். ஏ, பி மாறியிருக்கலாம், இரண்டு மீட்டருக்கு ஒரே அடையாள எண் இருக்கலாம், பேரிட்டி ஒத்துப்போகாமல் இருக்கலாம். பாட் ரேட்டை எல்லோரும் பார்ப்பார்கள், பேரிட்டியைத்தான் மறந்துவிடுவார்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் சிக்னல் விட்டு விட்டு வந்தால் கேட்வே (மீட்டர் லைனை நெட்வொர்க்கோடு இணைக்கிற பெட்டி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்வேயும் கனெக்டர்களும் தரைத்தளத்தில் முழங்கால் உயரத்தில் இருந்தால் அதை இந்த வருட மழைக்கு முன்பே மேலே ஏற்றுங்கள். ஈரம் பட்ட டெர்மினல் பச்சை பூத்திருந்தால் துடைத்து மாட்டுவதில் பலன் இல்லை, மாற்றிவிடுங்கள்.

ஈபி பில்லும் நம் மானிட்டரும் ஒத்துப்போகவில்லை

இதில் நேரம் செலவழிப்பது வீண் போகாது. வரிசையாகப் போங்கள்.

எச்டி (உயர் அழுத்த) சர்வீஸ் என்றால் மீட்டரில் தெரிகிற ரீடிங் அப்படியே யூனிட் ஆகாது, பில்லில் உள்ள மல்டிப்ளையிங் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். அதைச் செய்தீர்களா? அடுத்து தேதி. ஈபி ரீடிங் எடுத்த நாள் எது, உங்கள் ரிப்போர்ட் ஒன்றாம் தேதி முதல் முப்பது வரையா? நாலு நாள் தள்ளிப் போனாலே பெரிய வித்தியாசம் வரும். விடாமல் ஓடுகிற ஒவ்வொரு கிலோவாட்டும் ஒரு நாளைக்கு 24 யூனிட், 30 நாளில் 720 யூனிட். இந்த 720ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசத்தை 720ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் காணாமல் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும், அந்த அளவில் எந்தச் சாதனம் இருக்கிறது என்று வரைபடத்தில் தேடலாம்.

மூன்றாவது, ஜெனரேட்டர். உங்கள் மீட்டர் சேஞ்ச்ஓவருக்குப் பிறகு இருந்தால் டிஜியில் ஓடியதையும் சேர்த்து எண்ணும், ஈபி மீட்டருக்கு அது தெரியாது. முன்னால் இருந்தால் டிஜி ஓடும் நேரம் உங்கள் கிராஃபில் பள்ளமாக விழும். நான்காவது, டிரான்ஸ்ஃபார்மர் நஷ்டம்: ஈபி மீட்டர் எச்டி பக்கம் இருக்கிறது, உங்களுடையது எல்டி (தாழ்வழுத்த) பக்கம். இடையில் போவது பில்லில் வரும், உங்களிடம் வராது. அது தவறல்ல, ஆனால் மாதா மாதம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும்.

ஐந்தாவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மானிட்டரிங் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருந்தால் அதற்கு நள்ளிரவு என்பது நமக்கு விடியற்காலை 5.30. தினசரி மொத்தம் எல்லாம் காலை 5.30 முதல் மறுநாள் 5.30 வரைக்குமான கணக்காக வரும். மாத மொத்தத்தில் இது அதிகம் தெரியாது, ஆனால் பீக் அவர் கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போது எல்லாம் ஐந்தரை மணி நேரம் நகர்ந்திருக்கும், "நாம் பீக் அவரில் ஒன்றும் அதிகமாக எடுக்கவில்லையே" என்று தோன்றும்.

கடைசியாக, எதைக் கூட்டுகிறீர்கள்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிலோவாட்டைப் படித்து அதைப் பெருக்கி யூனிட் ஆக்குகிற பழக்கத்தை விடுங்கள். ஏசி கம்ப்ரசர் ஏறி இறங்குவதெல்லாம் அந்த ஐந்து நிமிட இடைவெளிக்குள் ஒளிந்துவிடும். மீட்டருக்குள்ளேயே கூடிக்கொண்டு போகிற யூனிட் ரெஜிஸ்டர் இருக்கிறது, அதன் தொடக்கத்தையும் முடிவையும் கழித்தால் போதும், நடுவில் நெட்வொர்க் போயிருந்தாலும் கணக்கு தப்பாது. வராத ரீடிங்கைப் பூஜ்யமாக எழுதி வைக்கிற சாஃப்ட்வேராக இருந்தால் அந்த செட்டிங்கையும் மாற்றுங்கள்.

பிடியூ ஒன்று சொல்கிறது, சர்வர் வேறொன்று சொல்கிறது

சர்வருக்கு இரண்டு பவர் கார்டு இருந்தால் ஏ பக்கம், பி பக்கம் இரண்டு பிடியூவையும் (ரேக்கில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பட்டை) கூட்டினீர்களா என்று பாருங்கள். சில சர்வர்களில் லோடு குறைவாக இருக்கும்போது ஒரு பவர் சப்ளை ஒதுங்கிக்கொண்டு மற்றதே முழுதும் இழுக்கும், அதனால் ஒரு பக்கம் பூஜ்யம் என்பது பழுதாக இருக்க வேண்டியதில்லை. சர்வருக்குள் இருக்கிற மேனேஜ்மென்ட் சிப் சொல்கிற வாட்டும் பிடியூ சொல்கிற வாட்டும் கொஞ்சம் வேறுபடுவது இயல்பு, அதைத் துரத்த வேண்டாம்.

ப்ராசஸர் தன் மின்செலவைத் தானே எண்ணுகிற ராப்பிள் கவுன்ட்டரை வைத்து சர்வரின் மின்செலவு என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ப்ராசஸரையும், சிலவற்றில் மெமரியையும் மட்டும்தான் எண்ணும். ஃபேன், டிஸ்க், பவர் சப்ளை நஷ்டம் எதுவும் அதில் இல்லை. அதோடு அந்தக் கவுன்ட்டர் ஒரு எல்லைக்குப் போனதும் பூஜ்யத்துக்குத் திரும்பும், கிராஃபில் திடீரென்று பெரிய மைனஸ் விழுந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் லினக்ஸ் கெர்னலைப் புதுப்பித்த பிறகு அனுமதி இல்லை என்று நின்றுவிட்டால், 2020 நவம்பரில் பிளாட்டிபஸ் என்ற பாதுகாப்புக் குறை வெளியானதற்குப் பிறகு அந்த ரீடிங்கை ரூட்டுக்கு மட்டும் என்று பூட்டிவிட்டார்கள் என்பதுதான் காரணம். ரூட் உரிமையோடு ஒரு சின்ன சர்வீஸ் படித்துக் கொடுக்கட்டும், ஃபைலின் அனுமதியைத் திறந்து விடாதீர்கள்.

ராத்திரி யாரும் வேலை செய்யாத நேரத்திலும் கிராஃப் இறங்கவே இல்லை

சும்மா நிற்கிற சர்வரும் கரண்ட் தின்னும், பழைய மாடல்களில் முழு வேகத்தில் தின்பதில் பாதி அளவுக்குக் கூட. 150 வாட் எடுத்துக்கொண்டு சும்மா நிற்கிற ஒரு பெட்டி வருடத்துக்கு 1,314 யூனிட். அதைக் குளிர வைக்க ஏசி, யூபிஎஸ் நஷ்டம் எல்லாம் சேர்த்து உங்கள் அறையின் விகிதம் 1.8 என்றால் 2,365 யூனிட். ஒரே ஒரு பெட்டிக்கு.

அதனால் பட்டியல் எடுங்கள். எந்தப் பெட்டியில் யார் கடைசியாக லாகின் செய்தார்கள், நெட்வொர்க் போர்ட்டில் என்ன டிராஃபிக், பேக்கப் தவிர வேறு ஏதாவது ஓடுகிறதா? சந்தேகமானதை உடனே ஆஃப் செய்யாதீர்கள். முதலில் நெட்வொர்க் போர்ட்டை மட்டும் மூடிவிட்டு, மாதக் கடைசி முழுதாகத் தாண்டும் வரை காத்திருங்கள். துறைமுகத்தை நம்பி ஓடுகிற ஆபீஸ்களில் மாத முடிவில் மட்டும் கணக்கு முடிக்க எழுந்திருக்கிற சர்வர்கள் உண்டு, காலாண்டுக்கு ஒருமுறை எழுந்திருப்பதும் உண்டு. யாரும் கேட்டு வரவில்லையென்றால் ஆஃப் செய்யுங்கள்.

உயிரோடு இருக்கிற சர்வர்களில் பயோஸில் பவர் ப்ரொஃபைல் பெர்ஃபார்மன்ஸில் கிடக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய நாளில் யாரோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பேலன்ஸ்டுக்கு மாற்றி, ஒரு சர்வரில் முதலில் சோதித்து, பதில் வரும் வேகத்தில் புகார் வராவிட்டால் மற்றவற்றுக்கும் மாற்றலாம்.

பியூஇ குறைந்துவிட்டது, பில் குறையவில்லை

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் இப்போது எல்லா மீட்டிங்கும் நடக்கிறது. அறை முழுதும் எடுக்கிற மின்சாரத்தை ஐடி சாதனங்கள் எடுக்கிற மின்சாரத்தால் வகுத்தால் வருவது பியூஇ. 2007இல் கிரீன் கிரிட் அமைப்பு பரப்பிய அளவுகோல், 2016இல் ஐஎஸ்ஓ 30134 வரிசையில் தரமாகவும் வந்தது. நல்ல அளவுகோல்தான், ஆனால் அது ஒரு விகிதம். கீழே இருக்கிற எண் பெருத்தாலும் விகிதம் குறையும்.

கணக்குக்காக ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். ஐடி 20 கிலோவாட், ஏசியும் மற்றதும் 16. மொத்தம் 36, பியூஇ 1.8. மிச்சம் பிடிக்கலாம் என்று ஏசி செட்டிங்கை 22லிருந்து 27க்கு ஏற்றுகிறீர்கள். ரேக்கின் கீழ்ப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மேலே இருக்கிற சர்வர்களின் முன்பக்கம் 30 டிகிரியைத் தொடுகிறது, அவற்றின் ஃபேன்கள் கத்த ஆரம்பிக்கின்றன. ஃபேனின் வேகம் கால் பங்கு கூடினால் அது எடுக்கிற பவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வேகத்தின் மும்மடிக்குப் போகும். ஐடி 22 ஆகிவிட்டது. ஏசி பக்கம் 16லிருந்து 15க்கு வந்தது. மொத்தம் 37. பியூஇ 1.68! ரிப்போர்ட்டில் முன்னேற்றம், பில்லில் ஒரு கிலோவாட் கூடுதல்.

தலைகீழாகவும் நடக்கும். அதே அறையில் தேவையில்லாத 4 கிலோவாட் சர்வர்களை அணைத்தால் ஐடி 16, மற்றது 14 என்று வந்து நிற்கலாம். மொத்தம் 30, பில் நன்றாக இறங்கும். பியூஇ 1.875க்கு ஏறிவிடும், வேலை செய்தவருக்குத் திட்டு விழும். இது அநியாயம். ஆகவே பியூஇ போடுகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பக்கத்திலேயே மொத்த யூனிட்டையும் ஐடி யூனிட்டையும் போடுங்கள், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று புரியும்.

ஐடி மின்சாரத்தை எங்கே அளக்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். யூபிஎஸ் வெளியேற்றத்தில் அளந்தால் ஒரு எண், பிடியூவில் அளந்தால் இன்னொரு எண். யூபிஎஸ்ஸின் உள்வரும் பக்கத்தில் அளந்துவிட்டு அதை ஐடி என்று போட்டால் யூபிஎஸ் நஷ்டம் முழுதும் ஐடி கணக்கில் ஏறி, பியூஇ அழகாகத் தெரியும். டிசம்பர் மாத ஒரு நாள் எண்ணையும் மே மாத ஒரு நாள் எண்ணையும் ஒப்பிடாதீர்கள். இந்த ஊர் வெயிலுக்கு வருடம் முழுதும் கூட்டிய யூனிட்டில் போட்டால்தான் அர்த்தம்.

அறை குளிர்ந்து நடுங்குகிறது, சர்வர் மட்டும் சூடு என்று அலாரம் அடிக்கிறது

குளிர்ந்த காற்று இருக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, ரேக்கில் காலியாக இருக்கிற இடைவெளிகளின் முன்னால் பிடித்துப் பாருங்கள். பேப்பர் உள்ளே இழுத்தால் நல்லது. உங்கள் முகத்தைப் பார்த்து அசைந்தால் பின்பக்கச் சூடான காற்று அந்த ஓட்டை வழியாக முன்னால் வந்து, மேலே இருக்கிற சர்வரே அதைத் திரும்பக் குடிக்கிறது. பிளாங்க் பேனல் போடுங்கள். வரும் வரைக்கும் அட்டையும் டேப்பும் வைத்துச் சோதித்தாலே வித்தியாசம் லாகரில் தெரியும். ஃபால்ஸ் ஃப்ளோர் இருந்தால் கேபிள் ஏறுகிற ஓட்டைகளையும் அடைக்க வேண்டும், ஓட்டை டைல்கள் ரேக்கின் முன்பக்கம் மட்டும் இருக்க வேண்டும், பின்பக்கம் இருப்பதை எடுத்து மாற்றுங்கள்.

லாகரை ரேக்கின் முன்பக்கம் மேலே, நடுவில், கீழே என்று மாட்டுங்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைப்பது சர்வருக்குள் போகிற காற்றுக்கு 18 முதல் 27 டிகிரி. ஏசி ரிமோட்டில் தெரிகிற எண்ணுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, பல ஏசிகள் தன்னிடம் திரும்பி வருகிற காற்றைத்தான் அளக்கின்றன. காற்றுப் பாதையைச் சரி செய்துவிட்டு, மேல் லாகரைப் பார்த்தபடி, ஒரு டிகிரி ஏற்றி இரண்டு நாள் விட்டு இன்னொரு டிகிரி என்று போனால் போன பகுதியில் சொன்ன ஃபேன் பிரச்சினை வராது.

பிஏசி (சர்வர் அறைக்கென்றே செய்த, ஈரத்தையும் கட்டுப்படுத்துகிற ஏசி) யூனிட் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிஸ்பிளேயில் கம்ப்ரசரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுவதாகக் காட்டுகிறதா? ஈரத்தைப் பிழிய அதிகமாகக் குளிர வைத்து, அதைச் சமாளிக்க ஹீட்டரால் சூடேற்றிக்கொண்டிருக்கும். இரண்டு யூனிட் இருந்தால் ஒன்று ஈரத்தைப் பிழியும், மற்றது ஹ்யூமிடிஃபையரைப் போட்டு ஈரம் ஊற்றும், சென்சார் இரண்டும் இரண்டு விதமாகக் காட்டுவதால். சென்சார்களை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள், ஈரப்பத வரம்பை அகலமாக வையுங்கள். கடலை ஒட்டிய நம் ஊரில் ஹ்யூமிடிஃபையருக்கு வேலையே கிடையாது என்பது என் கருத்து, அணைத்து வைத்துவிடலாம்.

ஏசியின் மின்செலவு மாதா மாதம் ஊர்ந்து ஏறுகிறது

இது நம் பக்கத்துக்கே உரிய நோய். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசி, அனல்மின் நிலையங்கள் பக்கமிருந்து வருகிற சாம்பல், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடற்காற்றில் வருகிற உப்பு, மூன்றும் சேர்ந்து அவுட்டோர் யூனிட்டின் ஃபின்களில் அப்பிக்கொள்ளும். விரலால் தடவினால் கறுப்பு மாவு மாதிரி வரும், அதற்கு அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். காற்று போக வழியில்லாமல் பிரஷர் ஏறும், கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுக்கும், அறைக்குள் குளிர்ச்சியில் ஒன்றும் தெரியாது, பில்லில்தான் தெரியும்.

சோதனை எளிது. கழுவுவதற்கு முன்பு ஒரு மதியம் கம்ப்ரசர் ஆம்பியரையும் வெளி வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை வைத்து உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள், ஃபின் மடங்கிவிடும் அளவுக்குப் பிரஷர் வேண்டாம். அதே மாதிரி வெயிலுள்ள இன்னொரு மதியம் மறுபடி ஆம்பியர் எடுங்கள். இறங்கியிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஏஎம்சி ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தாலும் சாலையோர இடங்களுக்கு அது போதாது, ஆம்பியர் ஏறுவதைப் பார்த்துக் கழுவும் நாளை முடிவு செய்யுங்கள். யூனிட் மாற்றும்போது ஃபின்னுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கழுவியும் இறங்கவில்லையென்றால் யூனிட் நிற்கிற இடத்தைப் பாருங்கள். மண்ணடி, ராயபுரம் சந்துகளில் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஆறேழு அவுட்டோர் யூனிட் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். கீழே இருப்பது ஊதுகிற சூடான காற்றை மேலே இருப்பது இழுக்கும். யூனிட்டின் காற்று உள்ளே போகிற பக்கத்தில் லாகர் வைத்தால் மொட்டைமாடி வெப்பநிலையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்று தெரிந்துவிடும். மாடிக்கு ஏற்றுவதுதான் தீர்வு, பைப் நீளத்தை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மிச்சம் பிடிக்க ராத்திரியில் ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேன் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஆஷ்ரே பரிந்துரையில் பனிநிலையின் (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மேல் வரம்பு 15 டிகிரி, சென்னைக் காற்றில் வருடத்தின் பெரும்பகுதி அது இருபதுக்கு மேலே. அந்த ஈரத்தோடு உப்பும் கந்தக வாயுவும் சேர்ந்தால் போர்டில் உள்ள வெள்ளியும் தாமிரமும் அரித்துவிடும். மணலி, எண்ணூர் பக்கம் ஹார்ட் டிஸ்க்கும் மதர்போர்டும் காரணமில்லாமல் போகிறது என்று தோன்றினால் தாமிர, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் அறையில் வைத்து லேபுக்கு அனுப்பலாம். மாதத்துக்கு அரிப்புப் படலம் தாமிரத்தில் 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராம், இதற்குக் கீழே இருக்க வேண்டும்.

யூபிஎஸ் சூடாகவே இருக்கிறது, உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் பெரிய இடைவெளி

60 கேவிஏ யூபிஎஸ்ஸில் 8 கிலோவாட் மட்டும் ஓடினால் இப்படித்தான். லோடு குறையும்போது யூபிஎஸ்ஸின் திறனும் விழும், கம்பெனி கொடுக்கிற வரைபடத்தில் 15, 25 சதவீத லோடில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாட்யூல் வகையென்றால் ரிடன்டன்ஸிக்கு (ஒன்று பழுதானால் தாங்க) வேண்டியதை விட்டு மற்றதைத் தூங்க வைக்கலாம். இகோ மோடு (ஈபி கரண்டை நேராக லோடுக்கு விடுவது) நல்ல மிச்சம் தரும், ஆனால் வோல்டேஜ் ஆடுகிற ஃபீடரில் நான் போட மாட்டேன். பேட்டரி அறை 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பத்து டிகிரி கூடினால் விஆர்எல்ஏ (மூடிய லெட்-ஆசிட்) பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கரண்ட் போய் வந்த பிறகு டிமாண்ட் எகிறுகிறது

எல்லா ஏசியும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட், பேட்டரி சார்ஜ், சர்வர்கள் பூட், மூன்றும் ஒரே நேரத்தில் விழும். அந்த ஒரு இடைவெளியில் பதிவாகிற உச்ச கேவிஏ (இதுதான் டிமாண்ட்) பில்லில் மாதம் முழுதுக்கும் நிற்கும். ஏசிகளின் ரீஸ்டார்ட் டைமரை ஒன்றுக்கொன்று சில நிமிடம் தள்ளி வையுங்கள், யூபிஎஸ்ஸில் பேட்டரி சார்ஜிங் கரண்டைக் குறைத்து வையுங்கள், சர்வர்களுக்குப் பிடியூவிலேயே வரிசையாக ஆன் ஆகும் செட்டிங் இருந்தால் போடுங்கள். ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத ஸ்ப்ளிட் ஏசி சர்வர் அறையில் இருக்கவே கூடாது.

பவர் ஃபேக்டர் லீடிங்கில் போகிறது

எச்டியில் சராசரி 0.90க்குக் கீழே போனால் அபராதம் என்பதால் எல்லோரும் கெபாசிட்டர் போட்டு வைத்திருக்கிறோம். ராத்திரி லோடு குறையும்போது ஃபிக்ஸட் கெபாசிட்டர் மட்டும் தேவைக்கு மேல் நின்றுகொண்டு லீடிங்கில், அதாவது எதிர்ப்பக்கம், தள்ளும், குறைந்த லோடில் ஓடுகிற சர்வர் பவர் சப்ளைகளும் அதற்குத் துணை போகும். கெபாசிட்டரைத் தானாகச் சேர்த்துக் கழிக்கிற ஏபிஎஃப்சி பேனல் ஆட்டோவில் இருக்கிறதா, யாராவது மேனுவலில் விட்டுவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். டிஜிக்கு மாறும்போது கெபாசிட்டர் பேங்க் கழன்றுகொள்கிற இன்டர்லாக் வேலை செய்கிறதா என்பதையும் கட்டாயம் சோதியுங்கள், லீடிங் லோடில் ஜெனரேட்டரின் வோல்டேஜ் கட்டுப்பாடில்லாமல் ஏறலாம். இந்தச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை காலையில், யூபிஎஸ் பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது, எலக்ட்ரீஷியன் பேனல் முன்னாலும் சர்வர் பார்க்கிறவர் டாஷ்போர்டு முன்னாலும் இருந்து, ஃபோனில் பேசிக்கொண்டே செய்யுங்கள்.